பெத்சாயிதாக் குருடர்: முதல் தடவை ஏன் பாதிதான் தெரிந்தது?

ஞாயிறுபள்ளி டீச்சர் (நாயுடுபுரம்), திங்கள் இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். நேற்று வகுப்பில் வசமாக மாட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்குள் பதில் வேண்டும்.

பாடம் மாற்கு நற்செய்தி 8:22 முதல் 26 வரை. பெத்சாயிதாவில் ஒரு குருடரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அந்த மனிதரின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப்போய், கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, "எதையாகிலும் காண்கிறாயா" என்று கேட்கிறார். அவர் "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறார். இயேசு மறுபடியும் கண்களின்மேல் கை வைத்த பிறகுதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

நான் படம் காட்டி, நடித்துக் காட்டி, நன்றாகத்தான் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கை தூக்கினாள். அவளுடைய அப்பா மெக்கானிக். "டீச்சர், வண்டியை ஒரே நாளில் இரண்டாவது தடவை கொண்டுவந்தால், முதல் தடவை நாம்தான் ஏதோ தப்பாக மாட்டியிருக்கிறோம் என்று அப்பா சொல்வார். இயேசுவுக்கும் முதல் தடவை சரியாக வரவில்லையா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன். வீட்டில் இருக்கும் பிரசங்கக் குறிப்புகளைப் புரட்டினால், அந்த மனிதருக்கு விசுவாசம் குறைவு என்று எழுதியிருக்கிறது. ஐந்து வசனங்களையும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டேன். விசுவாசம் என்ற சொல்லே அங்கே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீயோன் பயணி (பழனி), திங்கள் இரவு 9.02

ஸ்தோத்திரம் சகோதரி. சொல் இல்லை என்பதற்காகப் பொருள் இல்லாமல் போகாது. மாற்கு 6:5, 6 வாசியுங்கள். சொந்த ஊரில் சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்கியதைத் தவிர வேறு அற்புதம் எதையும் அவர் செய்யக்கூடாமற்போயிற்று; அவர்களுடைய அவிசுவாசத்தைக் குறித்து ஆச்சரியப்பட்டார் என்று இருக்கிறது. பெத்சாயிதாவும் அப்படிப்பட்ட ஊர்தான். "பெத்சாயிதாவே, உனக்கு ஐயோ" என்று மத்தேயு 11:21இல் அவரே சொல்கிறார். அதனால்தான் அந்த மனிதரை ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். சுகமான பிறகும் ஊருக்குள் போகாதே என்கிறார். அவிசுவாசக் காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய்ச் செய்தார். வல்லமையில் குறைவு இல்லை, பெற்றுக்கொண்டவரிடம் குறைவு. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள், போதும்.

செண்பகனூர் வாசி, திங்கள் இரவு 11.35

சகோதரரின் வாதம் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் ஒழுகுகிறது. காரணம் ஊரின் அவிசுவாசம் என்றால், ஊருக்கு வெளியே போன பிறகு முதல் தடவையிலேயே முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். பாதி தெரிந்ததும் வெளியில் வைத்துத்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. சின்ன வயதில், பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் குருமடத்தில் சில ஆண்டுகள் படித்தேன், பிறகு வெளியே வந்துவிட்டேன். இப்போது பூச்செடி நாற்று விற்கிறேன். நாற்றங்காலில் உட்கார்ந்து பழைய பாடங்களை அசைபோடுவது பழக்கமாகிவிட்டது.

இந்தக் கதை நான்கு நற்செய்திகளில் மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. லூக்கா, மாற்கு 6:45 தொடங்கி 8:26 வரையுள்ள பகுதியை மொத்தமாகத் தாண்டிவிடுகிறார். ஆகையால் அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. மத்தேயு கதை வேறு. படகில் அப்பம் மறந்த பேச்சை எடுத்துக்கொள்கிறார், பிலிப்புச் செசரியாவில் சீடர் பேதுரு, இயேசுவே கிறிஸ்து என்று அறிக்கையிட்டதையும் எடுத்துக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவில் மாற்கு வைத்திருக்கும் இந்த ஐந்து வசனங்களை மட்டும் விட்டுவிடுகிறார். ஏழாம் அதிகாரத்தில் உமிழ்நீரால் குணமான செவிடரின் கதையும் அவரிடம் இல்லை. ஏன் என்று அவர் எழுதி வைக்கவில்லை. ஆனால் உங்கள் மெக்கானிக் மகள் கேட்ட கேள்வி அவர் காதிலும் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. யாராவது இட்டுக்கட்டுவதாக இருந்தால், முதல் முயற்சியில் பாதி பலித்ததாகவா இட்டுக்கட்டுவார்கள்? சங்கடமான கதை என்பதாலேயே இது பழைய நினைவாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இனி மாற்கு இதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். 8:18இல் சீடர்களிடம் "கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா" என்று கேட்கிறார். அடுத்து இந்தக் கதை. அதற்கு அடுத்து, 8:29இல் பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறார். சரி, தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். நான்கே வசனம் தள்ளி, அதே பேதுருவிடம் "எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே" என்கிறார் இயேசு. மேசியா, அதாவது கிறிஸ்து, என்று தெரிகிறது. பாடுபடும் மேசியா என்று தெரியவில்லை. ஆள் தெரிகிறது, மரம்போலத் தெரிகிறது. பேதுருவின் ஊர் எது என்று யோவான் 1:44இல் பாருங்கள். பெத்சாயிதா.

அங்கிருந்து பத்தாம் அதிகாரக் கடைசி வரை, தாம் கொல்லப்படப்போவதை மூன்று முறை சொல்கிறார் (8:31, 9:31, 10:33). மூன்று முறையும் சீடர்கள் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பகுதியின் வாசலில் இந்தக் குருடர், முடிவில் எரிகோவின் குருடர் பர்திமேயு. பர்திமேயு ஒரே தடவையில் பார்வை பெற்று, வழியில் அவருக்குப் பின்னே போகிறார். எழுத்தாளர் ஒருவர் யோசித்து வைத்த வாசலும் முற்றமும் இது. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலைப்பூண்டு (பூம்பாறை), செவ்வாய் காலை 6.20

நான் எங்கள் ஊர் முருகன், குழந்தை வேலப்பரைக் கும்பிடுகிறவன். பையன் படிப்பது சாமியார்கள் நடத்தும் பள்ளியில், அதனால் இந்தக் கதைகள் வீட்டுக்கு வந்துவிடும். எனக்கு இரண்டாவது தடவை உறுத்தவில்லை. எச்சில்தான் உறுத்துகிறது. கண்ணில் போய் உமிழ்வதா? என் மனைவி கேட்டால் முகம் சுளிப்பாள். இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே.

செண்பகனூர் வாசி, செவ்வாய் காலை 7.45

பூண்டுக்காரரே, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்தக் காலத்தில் அது அருவருப்பு அல்ல, மருந்து. ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, கண் நோய்க்கு உமிழ்நீர் தடவுவதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். வெஸ்பாசியன் பேரரசர் ஆன புதிதில் அலெக்சாந்திரியாவில் ஒரு குருடர் வந்து, உம்முடைய உமிழ்நீரை என் கண்ணில் பூசும் என்று கெஞ்சியதையும், பூசியதும் பார்வை வந்ததாகச் சொல்லப்பட்டதையும் ரோம வரலாற்றாசிரியர்கள் தாசிதுஸ், சுவெதோனியுஸ் இருவரும் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய கி.பி. 70. மாற்கு எழுதப்பட்டதும் அந்த ஆண்டுகளை ஒட்டித்தான் என்பார்கள். தாசிதுஸ் கதையில் ஒரு சுவையான செய்தி: பேரரசர் தொடுவதற்கு முன் மருத்துவர்களைக் கூப்பிட்டு, இது குணமாகக்கூடியதுதானா என்று விசாரிக்கிறார். தோற்றால் அவமானம் அல்லவா?

நம் பாட்டிமார், பூச்சி கடித்தால் விடியற்காலை எச்சிலைத் தொட்டுத் தடவவில்லையா? அதே சங்கதி.

தோபித்து, செவ்வாய் காலை 10.15

கத்தோலிக்கர் சார்பில் ஒரு வார்த்தை. எங்கள் விவிலியத்தில் தோபித்து நூல் உண்டு, உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இல்லை. அதில் தோபித்தின் கண்ணில் வெண்படலம் படர்கிறது. மகன் மீனின் பித்தப்பையைக் கண்ணில் தடவி, ஓரத்திலிருந்து படலத்தை உரிக்கிறான். விவிலியத்தில் கண்ணைக் குணமாக்குவது என்றால் மருந்தும் கையும் உண்டு என்று சொல்லவே இதை எழுதினேன். ஒரு சொல்லில் நடப்பதுதான் அற்புதம் என்று யார் விதி போட்டார்கள்? எந்த வழியில் செய்வது என்பது இயேசுவின் சுதந்திரம் என்று புரொட்டஸ்டண்டுச் சீர்திருத்தவாதி கால்வினே இந்தப் பகுதிக்கு உரை எழுதியிருக்கிறார். (கால்வினை நான் மேற்கோள் காட்டியது எங்கள் பங்குச் சாமிக்குத் தெரியவேண்டாம்.)

ஞாயிறுபள்ளி டீச்சர், செவ்வாய் இரவு 8.30

நன்றி எல்லாருக்கும். செண்பகனூர் ஐயா, பேதுருவின் ஊர் பெத்சாயிதா என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றவே இல்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண் போகவில்லை.

ஆனாலும் ஒரு வருத்தம். உங்கள் விளக்கத்தில் அந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார். பேதுருவின் அரைகுறைப் பார்வைக்கு ஒரு படம் வேண்டும், அதற்காக ஒருவர் கொஞ்ச நேரம் அரைக்கண்ணோடு நிற்க வேண்டும் என்றால், அவரைப் பாடக்கருவி ஆக்கிவிடுகிறோம் அல்லவா? என் கரும்பலகைக்கு இருக்கும் மரியாதைதான் அவருக்கும். அந்தச் சிறுமி பேதுருவைப் பற்றிக் கேட்கவில்லை. கண்ணைப் பற்றிக் கேட்டாள்.

கண்முகாம் (வத்தலக்குண்டு), புதன் இரவு 10.50

டீச்சர் சொன்ன கடைசி வரிக்காக எழுதுகிறேன். எனக்கு வேதம் அதிகம் தெரியாது. கண் தெரியும். இருபது ஆண்டுகளாகக் கண் பரிசோதிக்கும் வேலை. மலைக் கிராமங்களுக்கு முகாம் போய், புரை விழுந்தவர்களை வண்டியேற்றிக் கீழே கொண்டுபோய், அறுவை முடிந்து திரும்பக் கொண்டுவந்து விடுவது வரை பார்த்தவன்.

அறுவைக்கு மறுநாள் காலை கட்டு அவிழ்ப்போம். வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பஞ்சை நனைத்து இமையைத் துடைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று, விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்க வேண்டும். பெரிய எழுத்துப் பலகை எல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் ஏட்டில் பார்வைக்குப் படிகள் உண்டு. வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்பது ஒரு படி. கை அசைவது தெரிகிறது என்பது அடுத்தது. விரல் எண்ண முடிகிறது என்பது அதற்கு மேலே. உங்கள் கதையில் அந்த மனிதர் சொன்னதை என் ஏட்டில் எழுதச் சொன்னால், "அசைவு தெரிகிறது, உருவம் தெரிகிறது, முகம் தெரியவில்லை" என்று எழுதி, மருத்துவரை மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பியிருப்பேன். இரண்டாவது தடவை பார்ப்பது எங்கள் தொழிலில் தோல்வி அல்ல. பார்க்காமல் விடுவதுதான் தோல்வி. கருவிழி வீங்கியிருந்தால் முதல் நாள் மூட்டமாகத்தான் இருக்கும். சொட்டு மருந்து போடப் போட, நாளாக ஆகத் தெளியும்.

இன்னொன்று. பிறவிக் குருடர் என்றால் மரம் எது, மனிதர் எது என்று எப்படிச் சொல்வார்? 1728இல் செசல்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், சிறு வயதிலிருந்தே பார்வை இல்லாத ஒரு பையனுக்கு அறுவை செய்து, நடந்ததை எழுதிவைத்தார். எங்கள் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். கண் திறந்ததும் எல்லாப் பொருளும் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாகவே அவனுக்குத் தோன்றியது. எது பூனை, எது நாய் என்று அடிக்கடி மறந்துபோகும். கேட்க வெட்கப்பட்டு, கையால் தடவினால் தெரியும் பூனையை ஒரு நாள் பிடித்து நிறுத்தி, உற்றுப் பார்த்துவிட்டு, இனிமேல் உன்னை எனக்குத் தெரியும் என்றானாம். கண் வந்துவிட்டது, பார்க்கப் பழக வேண்டியிருந்தது. உங்கள் பெத்சாயிதாக்காரர் அப்படி இல்லை. மரத்தை முன்னமே பார்த்தவர். இடையில் போன பார்வைதான் திரும்புகிறது.

இப்போது நான் எழுத வந்த விஷயம். கட்டு அவிழ்க்கும் நேரத்தில் நான் மிகவும் பயப்படுவது எதற்குத் தெரியுமா? "தெரிகிறது சாமி" என்ற பதிலுக்கு.

மன்னவனூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர். பஞ்சை எடுத்தேன். எத்தனை விரல் பாட்டி என்று வாயைத் திறந்தேன். "தெரிகிறது சாமி, நன்றாகத் தெரிகிறது, மூன்று" என்றார். நான் இன்னும் கையைத் தூக்கவே இல்லை.

பொய் சொல்லும் ஆள் இல்லை அவர். காசு வாங்காமல் செய்திருக்கிறார்கள், சோறு போட்டிருக்கிறார்கள், இத்தனை பேர் வெள்ளைச் சட்டையில் நிற்கிறார்கள், இவர்களிடம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? வாசலில் மகன் வேறு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறான். மரியாதைக்குச் சொன்ன "தெரிகிறது" அது. நம் ஊரில் வைத்தியரிடம் எல்லாரும் அப்படித்தான். சாப்பாடு எப்படி என்று விருந்தில் கேட்டால் சொல்வதுபோல.

அதே வரிசையில் கேரட் விவசாயி ஒருவர் இருந்தார். கேட்டதும் அவசரப்படவில்லை. இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிப் பார்த்தார். "ஆள் நிற்பது தெரிகிறது. மூஞ்சி தெரியவில்லை" என்றார். அன்றைக்கு மருத்துவர் கூடுதலாகக் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தது அந்த ஒருவரைத்தான்.

உங்கள் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். குணமாக்குகிறவர் கேட்கிறார்; குணமாகிறவர் உள்ளதைச் சொல்கிறார். எதிரே நிற்பவர் யார் என்று தெரிந்தும், "பாதிதான் தெரிகிறது" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர் மட்டும் மரியாதைக்குத் தலையாட்டியிருந்தால், மரம்போலத் தெரிகிற உலகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

செண்பகனூர் வாசி, புதன் இரவு 11.40

இருபது ஆண்டு விரல் எண்ணியவரிடம் நான் தோற்றேன். நான்கு நற்செய்திகளையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். முன்கூட்டிக் கேட்பது உண்டு: பர்திமேயுவிடம் உனக்கு என்ன செய்யவேண்டும், குளத்தருகே கிடந்தவரிடம் சொஸ்தமாக விரும்புகிறாயா. தொட்ட பிறகு, "எப்படி இருக்கிறது" என்று இயேசு நோயாளியிடமே கேட்பது இந்த ஓர் இடத்தில்தான். இதையே நான் இத்தனை நாள் தாண்டிப் போயிருக்கிறேன்.

சீயோன் பயணி, வியாழன் காலை 6.05

கண்முகாம் சகோதரர் எழுதியது நல்ல கருத்துதான். ஆனால் சாட்சி சொல்வதை மரியாதைப் பொய் என்று ஆக்கிவிடாதீர்கள். விசுவாசத்தால் "சுகமானேன்" என்று அறிக்கை செய்வது வேறு. பலர் அப்படி அறிக்கை செய்து பெற்றிருக்கிறார்கள். நானே முதுகுவலியிலிருந்து பெற்றேன்.

மேகமூட்டம் (வட்டக்கானல்), வியாழன் மதியம் 1.20

நான் வண்டி ஓட்டுகிறவன். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சீயோன் ஐயா எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

என்னை வளர்த்தது பெரியம்மா. அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்று சொல்லித் தினமும் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கீழே ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனார். மேடைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணில் கைவைத்து ஜெபித்துவிட்டு, மைக்கை வாயருகே நீட்டி, "அம்மா, இப்போது தெரிகிறதா?" என்று கேட்டார்கள். கீழே மைதானம் நிறைய ஜனம். பெரியம்மா "தெரிகிறது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து மருந்துப் புட்டியைக் குப்பையில் போட்டுவிட்டார். இனியும் மருந்து விட்டால் சாட்சி பொய்யாகிவிடுமாம். இப்போது வாசற்படியில் இடறுகிறார். கேட்டால், செருப்புச் சரியில்லை என்கிறார்.

அதே கேள்விதான் ஐயா. அங்கேயும் அதைத்தான் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தை நடத்தியவர்

இழைக் காவலர், வியாழன் மதியம் 2.00

மேலே உள்ள பதிவின் கடைசி வரிகளில் ஒரு பெயரும் ஊரும் இருந்தன. நீக்கியிருக்கிறேன். தம்பியின் கோபம் நியாயமாக இருக்கலாம். பெயர் போட்டு எழுத இது இடம் அல்ல. மற்றவர்கள் தொடரலாம்.

கண்முகாம், வியாழன் மதியம் 2.25

மேகமூட்டம் தம்பி, மற்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதை முதலில் வாசியுங்கள். கண் நீர் அழுத்தத்தில் போன பார்வை திரும்பாது. மீதம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்ற முடியும். முதலில் போவது ஓரப்பார்வை. நேரே பார்ப்பது கடைசி வரை ஓரளவு இருக்கும். அதனால் நோயாளிக்கே தெரியாது, வீட்டாரும் நம்பிவிடுவார்கள். படியில் இடறுவது செருப்பால் அல்ல. அவரிடம் சண்டை போடாதீர்கள். கூட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். தனியாக உட்கார்ந்து கேளுங்கள். பழைய சீட்டு இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

சீயோன் பயணி, வியாழன் இரவு 10.30

காலையில் எழுதியதை மாலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி, உங்கள் பெரியம்மாவுக்காக ஜெபிக்கிறேன். மருந்தை நிறுத்தச் சொல்வது விசுவாசம் என்று நான் ஒருநாளும் போதித்தது இல்லை; போதிப்பவர்களைக் கண்டித்ததும் இல்லை. அது என் தப்பு.

வேதத்தைத் திரும்ப எடுத்தேன். நான் முதல் நாள் எழுதிய 'ஊருக்கு வெளியே' என்ற வார்த்தையில் போய் நின்றேன். அவிசுவாசத்துக்காக வெளியே கூட்டிப்போனார் என்று எழுதினேன். செண்பகனூர் ஐயா அதை உடைத்துவிட்டார், சரி. அப்படியானால் ஏன் கூட்டிப்போனார்? கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார், பார்க்கக் கூட்டம் இல்லாத இடத்துக்கு. அங்கே வைத்துக் கேட்கிறார். கைதட்ட ஆள் இல்லை, மைக் இல்லை. அங்கேதான் ஒருவன் "பாதிதான் தெரிகிறது" என்று சொல்ல முடியும். ஊர் நடுவில் வைத்துக் கேட்டிருந்தால் அவனும் "தெரிகிறது" என்றுதான் சொல்லியிருப்பான். 26ஆம் வசனத்தில், கிராமத்தில் ஒருவருக்கும் சொல்லாதே என்று அனுப்பிவிடுகிறார். நாங்கள் நடத்துவது இதற்கு நேர் எதிராக அல்லவா இருக்கிறது!

மலைப்பூண்டு, வெள்ளி காலை 6.40

சீயோன் ஐயாவுக்கு ஒரு கும்பிடு.

இன்று விடிகாலை வில்பட்டி வழியாகப் பூண்டு மூட்டையோடு வண்டியில் வந்தேன். பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சாலை ஓரத்தில் யூகலிப்டஸ் வரிசை. எல்லாம் கறுப்புக் கறுப்பாக நிற்கிறது. அதில் ஒன்று மட்டும் நகர்ந்தது. தலையில் விறகுக் கட்டோடு ஓர் அம்மா. கட்டும் தலையும் சேர்ந்து கிளை விரித்த மரமாகவே இருந்தது. நகராமல் நின்றிருந்தால் ஹாரன் அடித்திருக்கவே மாட்டேன். அந்த ஆள் சொன்னது கற்பனைப் பேச்சு அல்ல என்று அப்போது புரிந்தது. அவர் ஊரிலும் பனி இப்படித்தான் இறங்குமா?

செண்பகனூர் வாசி, வெள்ளி காலை 9.15

உங்கள் பனியை அங்கே ஏற்றுமதி செய்ய முடியாது. கொடைக்கானல் மலையில் நாம் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 2,100 மீட்டர். கலிலேயாக் கடல் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 210 மீட்டர். வியர்த்துக் கொட்டும் பள்ளம் அது. ஆனால் நீங்கள் பார்த்த 'நகர்வது' முக்கியம். பிரசங்கங்களில் 'நடக்கிற மரங்கள்' என்று சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. கிரேக்க மூலத்தில் 'நடக்கிற' என்ற சொல் இலக்கணப்படி மனிதரோடுதான் சேர்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது: நடக்கிற மனுஷர், மரங்களைப்போல. அவர் மரம் நடப்பதாகச் சொல்லவில்லை. நடப்பதால்தான் மனிதர் என்று கண்டுபிடித்தேன் என்கிறார். உங்கள் விறகு அம்மாவேதான்.

நம் மொழிபெயர்ப்பில் நழுவிய ஒன்றும் உண்டு. 25ஆம் வசனத்தில் 'தெளிவாய்' என்று இருக்கிறதே, அங்கே மூலச்சொல் தேலவ்கோஸ். டெலிபோனில் இருக்கிற அதே 'டெலி', தொலைவு. அதோடு ஒளி என்ற சொல். தூரத்திலிருப்பதும் பளிச்சென்று தெரிவது. மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் பனிக்குள் நின்றுகொண்டு கைப்பிடிக் கம்பியைத் தவிர ஒன்றும் காணாமல் இருக்கும்போது, சட்டென்று திரை கிழிந்து கீழே பெரியகுளம் வீடு வீடாகத் தெரியுமே, அதற்கு மாற்கு பயன்படுத்தியிருக்கக்கூடிய சொல். டீச்சர், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், அவர்கள் தினம் பார்ப்பது.

ஞாயிறுபள்ளி டீச்சர், ஞாயிறு மதியம் 1.15

வகுப்பு முடிந்தது. பேதுருவைச் சொன்னேன், பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஒவ்வொருவராகக் கண்ணைக் கட்டி, 'எத்தனை விரல்' விளையாட்டு வைத்தேன். மெல்லிய துணி, அரைகுறையாகத் தெரியும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், தப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆறு பேர் முயன்றார்கள். ஐந்து பேர் ஊகித்து ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார்கள். மெக்கானிக் மகள் மட்டும், "விரல் இருக்கிறது, எண்ண முடியவில்லை டீச்சர், கிட்டே வாருங்கள்" என்றாள்.

முதல் தடவை சரியாக வரவில்லையா என்ற கேள்விக்கு நான் நேர்ப் பதில் சொல்லவில்லை. அவளும் விடவில்லை. போகும்போது, "அப்பாவும் வண்டியைக் கொடுத்துவிட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்பார். ஆனால் நிறையப் பேர் வந்து சொல்வதே இல்லை, வேறு கடைக்குப் போய்விடுவார்கள்" என்றாள். அவளுடைய கேள்வியை அவளே எங்கேயோ கொண்டுபோய்விட்டாள், நான் பின்னால் நடக்கிறேன்.

மேகமூட்டம், ஞாயிறு இரவு 9.40

நேற்றிரவு வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அடுப்படியில் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டத்தைப் பற்றி எடுக்கவில்லை. எதெல்லாம் தெரிகிறது பெரியம்மா என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உன் முகம் தெரிகிறது. நீ வைத்த டம்ளர் எங்கே என்று தெரியவில்லை" என்றார். டம்ளர் அவருடைய முழங்கைக்கு அருகில் இருந்தது.

பழைய சீட்டு அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. எறியவில்லை.

கண்முகாம், ஞாயிறு இரவு 10.05

சீட்டு இருப்பது நல்லது, அழுத்தம் அன்று எவ்வளவு இருந்தது என்று தெரியும். புதன்கிழமை பெரியம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வரலாம். கண்மணியை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தால் அந்தச் சீட்டும் வேண்டும். வத்தலக்குண்டில் இறங்கியதும் இங்கேயே தனிச்செய்தி அனுப்புங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன்.

மேகமூட்டம், ஞாயிறு இரவு 10.20

புதன் காலை முதல் பஸ்ஸில் வருகிறோம் அண்ணா. பெரியம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: தெருவில் யாரிடமும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம்.